அவன் சொல்லி முடிக்கும்வரை

அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடைத்தெரு முனையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடை. முன்னால் கண்ணாடி மேசை. பின்னால் கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். சாய்த்து வைத்த ஏணி ஒன்று. அம்மா அந்த ஏணியில் ஏறி நான் பார்த்ததில்லை. அடிக்கடி விற்கும் மருந்தையெல்லாம் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்து, எப்போதாவது விற்பதை மேலே ஏற்றிவிட்டிருந்தாள்.

வருகிறவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் மருந்து மேசைக்கு வந்துவிடும். "தலை..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். அதற்குள் மாத்திரை அட்டையில் பாதி வெட்டப்பட்டிருக்கும். "குழந்தைக்கு நேத்திலேருந்து..." என்று ஒரு பெண் இழுப்பாள். "காய்ச்சலா, இந்தாங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க" என்று கவர் கைக்குப் போய்விடும். டாக்டரின் கையெழுத்தில் முதல் எழுத்தும் கடைசிச் சுழியும் தெரிந்தால் அவளுக்குப் போதும். முதலாளி அவளுக்கு 'அரைச்சொல் அக்கா' என்று பெயர் வைத்தார். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. அம்மாவுக்கு அதில் பெருமை.

அப்பா பேருந்து ஓட்டுநர். அதிகம் பேசமாட்டார். "உங்கம்மாகிட்ட நான் பேச்சை ஆரம்பிக்கிறதோட சரி. முடிக்கிற வேலை அவளோடது" என்பார்.

அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் தம்பியைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எனக்குக் கதை சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அம்மாவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. தான் போன பிறகு என் தம்பி சொல்வது யாருக்குப் புரியும் என்ற பயம். அதை அவள் எப்படிக் கையாண்டாள் என்பதுதான் இது.

தம்பி பிறந்தபோது அழவில்லை. பிரசவம் இழுத்துக்கொண்டே போயிருந்தது. பிறந்தவுடன் அவனை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்தபோது மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தான். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலை நிற்கவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை எப்போதும் மூடியே இருந்தது. துணி மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. பால் குடிக்க வெகுநேரம் ஆனது. குடித்ததில் பாதி திரும்பி வந்தது.

"ஆம்பளப் பிள்ளை எல்லாத்தையும் கொஞ்சம் மெதுவாத்தான் செய்வான். உன் புருஷன் செய்யலையா?" என்றாள் அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாள். நல்ல மனசு, ஓயாத வாய்.

அம்மா சமாதானம் ஆகவில்லை. கடைக்குத் தினமும் கைக்குழந்தையோடு வருகிற பெண்களைப் பார்க்கிறவள். எந்த வயதுக் குழந்தை தோளில் எப்படி உட்காரும் என்று அவளுக்குத் தெரியும்.

குழந்தை மருத்துவர் வெகுநேரம் பரிசோதித்தார். பிறகு 'மூளை முடக்குவாதம்' என்றார். அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து டாக்டர்?"

"குணமாக்குற மருந்துன்னு எதுவும் இல்லம்மா."

"வெளியிலேருந்து வரவழைச்சா?"

"எங்கேயும் இல்ல. பயிற்சி இருக்கு. அதை இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

வெளியே வந்து மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னாளாம்: "கடையில அத்தனை டிராயர் இருக்கு. ஒண்ணுலயும் இல்லையாம்."

புதிதாக இந்தப் பெயரைக் கேட்கும் குடும்பங்களும் இதைப் படிக்கும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குப் பாதிப்பு ஏற்படுகிறது. அசைவை ஆளும் பகுதி பழுதாகிறது. தசை கெடவில்லை, தசைக்குக் கட்டளை போகும் வழிதான் கெட்டிருக்கிறது. இது தொற்றாது. யார் செய்த பாவமும் இல்லை. மூளையில் நடந்த அந்தப் பாதிப்பு மேலும் பரவுவதும் இல்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. கவனிக்காமல் விட்டால் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும், இடுப்பு மூட்டு நழுவும். அதனால்தான் பயிற்சி, இடையிடையே எக்ஸ்ரே, தேவைப்பட்டால் இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி எல்லாம். ஒரு பிள்ளைக்கு ஒரு கை கால் மட்டும் பாதிக்கும். இன்னொரு பிள்ளைக்கு உடம்பு முழுவதும். சிலருக்கு வலிப்போ, பார்வைக் குறையோ, கற்பதில் சிரமமோ சேர்ந்து வரும். என் தம்பிக்கு உடம்பு முழுவதும் பாதிப்பு. பேச்சுக்கான தசைகளும் அதில் சேர்த்தி. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடைசி வரியைத் தெரிந்துகொள்ள எங்களுக்குச் சில வருடங்கள் ஆயின.

'வாதம்' என்று கேள்விப்பட்டு ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்தார்கள். அம்மா யாரையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கி வைத்துத் தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டாள். "முட்டி நல்லா இருக்கு. பிள்ளைக்குத்தான் பிடிக்கல" என்று கொண்டுவந்தவர்களிடமே சொன்னாள்.

பயிற்சி மையம் பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருந்தது. தபால் பிரிக்கும் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் பெரிய ரப்பர் பந்துகள். அங்கிருந்த இயன்முறைப் பயிற்சியாளர், பின்னிய கால்களைப் பிரிப்பதற்கு முன் முட்டியை மடக்க வேண்டும் என்று காட்டினார். அம்மா அதுவரை பலம்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் அட்டைப் பெட்டியையும் பஞ்சையும் வைத்து, இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் மூலை நாற்காலி செய்து கொடுத்தார். மடியில் படுக்கவைத்து ஊட்டாமல், நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்தி ஊட்டச் சொன்னார். அந்த ஒரு மாற்றத்தில் புரையேறுவது குறைந்தது, நெஞ்சுச் சளியும் குறைந்தது. கடையிலிருந்து அம்மா வாரம் தவறாமல் எடுத்துவந்த இருமல் மருந்து நின்றது. அம்மா அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னதை நம்பினாள். டிராயரில் இல்லாததும் மருந்துதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேலையை அம்மா வேறு யாராலும் முடியாத அளவு நன்றாகச் செய்தாள். கோளாறு அங்கேதான் வந்தது.

தம்பி கண்ணை வாசல் பக்கம் திருப்பினால் அப்பா வரும் நேரம். உதட்டை இழுத்தால் தண்ணீர். தோள் விறைத்தால் படுக்கையில் புரட்டிவிட வேண்டும். கடையில் அரைச்சொல் தேவைப்பட்டது. வீட்டில் அதுவும் தேவைப்படவில்லை. தம்பி நினைக்கும்போதே அம்மா செய்து முடித்திருப்பாள். "தாய் அறியாததா?" என்பாள். அப்பாவுக்கும் எனக்கும் அவன் சொல்வதில் பாதி புரியாது. அதனால் நாங்களும் அவனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்போம்.

பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது மையத்துக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் புதிதாக வந்தார். உயரம் குறைந்த, நிதானமான பெண். அவர் அறையில் தம்பியை நாற்காலியில் நன்றாகச் சாய்த்து உட்காரவைத்து, முன்னால் மூன்று பொம்மைகளை வைத்தார். கார், பந்து, சின்ன மேளம்.

"தம்பிக்கு இதுல எது வேணும்?"

"கார்" என்றாள் அம்மா.

"அக்கா, நான் தம்பிகிட்ட கேட்டேன்."

"சரி சரி, கேளுங்க."

"உனக்கு எது வேணும்பா?"

"கார்தான் எடுப்பான். வீட்டுலயும் அதான்."

பயிற்சியாளர் எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "ஒரு வாய் வச்சுக்கங்க. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தம்பி அம்மாவைப் பார்த்தான். எப்போதும் போல அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. மறுபடியும் பார்த்தான். பயிற்சியாளர் நகரவே இல்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. சும்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் நேரம் போகவே இல்லை. கடைசியில் அவன் தலை திரும்பியது. கண் காரைத் தாண்டிப் போனது, பந்தைத் தாண்டிப் போனது, மேளத்தில் நின்றது. உடம்பெல்லாம் விறைத்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மேளமா?"

கண்ணை மேலே தூக்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அம்மா தண்ணீரை விழுங்கிவிட்டாள். "இவனுக்குக் காருன்னா உயிர்ங்க."

"இருக்கலாம் அக்கா. இன்னைக்கு மேளம் வேணுங்கிறான்." பிறகு சொன்னார், "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்லுவாங்க. உங்க வீட்டுல பிள்ளை அழுறதுக்கு முன்னாடியே பால் வந்துடுது. அப்புறம் அவன் எதுக்கு வாயைத் திறக்கணும்? தப்புன்னு சொல்லல. நீங்க இல்லாத இடத்துல இவன் தண்ணி எப்படிக் கேப்பான்? அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க."

வீட்டு வாசலில் அம்மா அப்பாவிடம் கேட்டாள்: "அப்போ காரு அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காதோ? நான்தான் கொடுத்துக்கிட்டே இருந்தேனோ?"

"அவனைக் கேளு" என்றார் அப்பா.

காத்திருப்பது அம்மாவுக்கு இயற்கையில் வராத வேலை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலவே நடந்து பழகியவள். கையைச் சும்மா வைத்தால் வாய் திறந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். சில்லறையாக மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவர்களைக் கடையிலிருந்து மடிக்காமல் கொண்டுவந்தாள். தம்பி எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள், தலையைக் குனிந்துகொண்டு கவர் மடிப்பாள். அவன் சத்தம் கொடுத்தால் மட்டும் நிமிர்வாள். முதல் சில வாரங்களில் கடைக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கவர் சேர்ந்துவிட்டது. "அக்கா, இனிமே கவர் மட்டும் வித்தாலே போதும் போலிருக்கே" என்றார் முதலாளி.

அத்தைக்கு இது பொறுக்கவில்லை. "தவிச்ச வாய்க்குத் தண்ணி கேட்டுப் பிள்ளை துடிக்குது. நீ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கியே, பெத்த தாயா நீ?"

"கேக்கட்டும் அண்ணி. கேக்கத்தான் சொல்லித் தர்றேன்."

"நான் கொடுக்கறேன் போ."

"கொடுத்தீங்கன்னா அப்புறம் அவன் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருப்பான். தினமும் வரணும், சம்மதமா?"

அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள்.

மருந்துப் பெட்டி அட்டைகளை வெட்டிப் படம் ஒட்டிப் பலகை செய்தோம். தண்ணீர், படுக்கை, வெளியே, வலி, போதும், இன்னும். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், பக்கவாட்டில் திருப்பினால் இல்லை. அவனுக்கு எழுத்து தெரியும் என்பது ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. நான் பாடம் படிக்கும்போது பக்கத்தில் கிடந்து கற்றுக்கொண்டிருக்கிறான். படப் பலகை எழுத்துப் பலகை ஆனது. நாங்கள் விரலை எழுத்துகள் மேல் நகர்த்துவோம், வேண்டிய எழுத்தில் அவன் கண்ணைத் தூக்குவான்.

அவன் எழுத்தில் சொன்ன முதல் முழு வாக்கியம்: பால்ல சர்க்கரை வேண்டாம்.

அம்மா பிள்ளைக்குப் பாலில் எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகத்தான் சர்க்கரை போடுவாள். பலகையை வாங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே வாக்கியம்தான் வந்தது. அடுத்த நாள் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள், "என் பையன் என் பால் நல்லா இல்லைங்கிறான்." இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லப்பட்ட குறை உலகத்தில் வேறு இருக்காது.

குறைகள் தொடர்ந்து வந்தன. பச்சைச் சட்டை குத்துகிறது. அத்தை கன்னத்தைக் கிள்ளக் கூடாது. அக்கா, அதாவது நான், பாடக் கூடாது. அப்பா மட்டும் தப்பித்தார். "வாயை மூடிக்கிட்டு இருந்ததோட பலன்" என்றார்.

வீட்டில் வந்த பழக்கம் கடைக்கும் போனது. அம்மா வாடிக்கையாளர்கள் முடிக்கும்வரை கேட்க ஆரம்பித்தாள். வரிசை நீண்டது.

"அக்கா, உங்க ஸ்பீடு எங்கே போச்சு?" என்று முதலாளி கேட்டார். நின்ற இடத்தில் நிற்காத மனிதர். பேசும்போதும் நடந்துகொண்டே பேசுவார். பதிலைக் கேட்க மட்டும் திரும்பி வருவார்.

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கட்டும் முதலாளி."

"எதிர்க்கடை பொறுக்க மாட்டானே."

ஆனாலும் அம்மாவை அவர் தடுக்கவில்லை. தலைவலி மாத்திரைக்கு அடிக்கடி வரும் ஒரு பெண் இருந்தாள். அரைச்சொல் காலத்தில் அவள் "தலை" என்பாள், வாங்குவாள், போவாள். அன்று அம்மா மேசையில் கையூன்றி நின்றாள். அவள் "தலைவலி மாத்திரை" என்றாள். அம்மா இன்னும் நின்றாள்.

"தூக்கமே இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். அம்மா தலையாட்டினாள். "குழந்தை ராத்திரியெல்லாம் விறைச்சுக்கிட்டு அழுது. உட்கார வைச்சா சாயுது. மாமியார் என் பால்ல தெம்பு இல்லைங்கறாங்க." பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அம்மா கடைக் கவுனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "முதலாளி, ஒரு மணி நேரம்." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கையோடு மையத்துக்கு அழைத்துப் போனாள். அந்தக் குழந்தைக்குத் தம்பியைவிட இலேசான பாதிப்பு. பிஞ்சு வயதிலேயே பயிற்சி தொடங்கியதால் பின்னாளில் நடைச்சட்டம் பிடித்து நடந்தது. இத்தனை நாள் அந்தப் பெண் எத்தனை முறை கடைக்கு வந்திருப்பாள், நான் எத்தனை முறை பேசவிடாமல் அனுப்பியிருப்பேன் என்று அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அந்தக் கண்ணாடி மேசையில் மருந்தில்லாத விவரமும் கிடைத்தது. எந்த வயதில் தலை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எந்த அறைக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும். சங்கத்தில் சக்கர நாற்காலியும், படுக்கையிலிருந்து ஆளைத் தூக்கும் கருவியும் இரவலாகக் கிடைக்கும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் யாரும் யாரையும் பரிதாபமாகப் பார்க்க மாட்டார்கள். உதவித்தொகைக்கு எந்த அலுவலகம். பிள்ளையைப் பகல் பராமரிப்பில் விட்டுவிட்டு அம்மாக்கள் தூங்கலாம், அதற்காகக் குற்றம் சொல்ல ஆளில்லை. இதெல்லாம் அவளுக்கு ஒருவர் ஒருவராகச் சொன்னது. அவள் அதை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டாள், கைக்கெட்டும் உயரத்தில்.

தம்பி வளர்ந்தான். பள்ளியில் எழுத ஒரு துணையாளர் கொடுத்தார்கள். பிறகு மையத்தின் மூலம் பேசும் கருவி வந்தது. நாற்காலியின் முன்னால் ஒரு திரை, தலைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். திரையில் வெளிச்சம் வரிசை வரிசையாக ஓடும். வேண்டிய வரிசையில் தலையால் தட்டினால் எழுத்து எழுத்தாக ஓடும். மறுபடி தட்டினால் அந்த எழுத்து பதியும். வாக்கியம் முடிந்ததும் கருவி வாய்விட்டுப் படிக்கும். செய்தி வாசிப்பவரின் குரல். "நம்ம வீட்டுலயே இவன்தான் சுத்தமாப் பேசறான்" என்றார் அப்பா. இப்போது தம்பி மையத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறான். புதிய பெற்றோர் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது அவன்தான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது இரண்டு வருடங்களுக்கு முன்னால். அறிக்கையை டாக்டருக்கு முன் அவளே படித்துவிட்டாள். எங்களிடம், "உங்களைப் பத்தி நான் கவலைப்படல. சமைக்க ஆளு கிடைக்கும், தூக்க மெஷின் இருக்கு. இவன் பேசுறதைக் கேக்க ஆளு வேணும்" என்றாள்.

"நாங்க இல்லையா?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரு. ஊரு பெருசு."

அவள் செய்தது இதுதான்: வெளியே போக ஆரம்பித்தாள். உடம்பு முடிந்த நாட்களில் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த நேரத்துக்கு யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பாள். மாடி வீட்டுக்காரர், தையற்கடைப் பெண், அத்தை. யாருக்கும் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கமாட்டாள். "சும்மா பேசிக்கிட்டிருங்க. அவனுக்கு வேணும்னா அவனே சொல்லுவான். நடுவுல மட்டும் புகுந்துடாதீங்க."

முதலாளியும் வந்தார். அன்று நான் அடுத்த அறை வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் நடந்துகொண்டே பேசினார். தம்பி தலையைத் தட்டத் தொடங்கினான். திரையில் 'உங்க' என்று வந்தது.

"உங்க அம்மாவா? பார்க்குல இருக்காங்க தம்பி."

தம்பி கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினான்.

"உங்க அப்பாவா? டூட்டி முடியலையே. உங்க கடை எப்படி இருக்குன்னு கேக்கறியா? ஓடுது, ஏதோ ஓடுது. உங்க வீட்டுல சௌக்கியமா, அதுவா?"

இல்லை, இல்லை, இல்லை. அவருக்குச் சொற்கள் தீர்ந்துபோயின. வேறு வழியில்லாமல் எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. வெளிச்சம் ஓடியது, நின்றது, ஓடியது. கடைசியில் செய்தி வாசிப்பவர் சொன்னார்: "உங்க சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "காலையிலேருந்து அத்தனை பேரு பார்த்திருக்கான். ஒருத்தன் சொல்லல பாரேன்" என்றார். பிறகு ஒவ்வொரு வாரமும் கூப்பிடாமலே வந்தார்.

அம்மா மருத்துவமனையிலேயே தங்க வேண்டிய கட்டத்தில், சங்கத்திலிருந்து ஒருவர் காலையில் வந்து தம்பியைத் தயார் செய்தார். பகலில் மையம். அப்பாவின் முதுகு தாங்காது என்பதால் தூக்கும் கருவி இரவலாக வந்தது. யாருக்கு நன்றி சொல்வதென்று கணக்கு வைக்க முடியாதபடி உதவி வந்தது. பலரும் அம்மா மேசையில் கையூன்றிக் கேட்ட கதைகளின் சொந்தக்காரர்கள். அம்மா கடைக்குப் போவது நின்ற பிறகுதான் எனக்கு அவர்களைத் தெரிந்தது.

போன மாதம் அவள் போனாள். பகலில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது.

மறுநாள் பிற்பகல் வீடு நிறைய ஆட்கள். இரவல் நாற்காலிகள். தம்பி கூடத்தின் நடுவில், தன் நாற்காலியில். எல்லாரும் அவனைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பேசியது என்னிடம். தூரத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அவன் தலைக்கு மேலாகக் கேட்டார்: "இவனுக்குத் தெரியுமா, அம்மா இல்லைங்கறது?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பியின் தலை பொத்தானைத் தட்டியது. வெளிச்சம் ஓடத் தொடங்கியது.

"தண்ணியா கண்ணு?" என்றாள் அத்தை. துக்கத்தில் அவளுக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. "படுக்கணுமா? மேலுக்கு முடியலையா?"

"இருங்கம்மா" என்றார் முதலாளி. "அவர் இன்னும் முடிக்கல."

அவர் அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னார். கூடத்தில் பேச்சு நின்றது. யாரோ செல்போனை அணைத்தார்கள். எனக்கும் ஓர் ஊகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அன்று தம்பியின் கழுத்து சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு முறை வரிசை தவறிப்போய் ஆரம்பத்திலிருந்து வந்தது. மாடி வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி கேட்ட சொந்தக்காரர் மற்றவர்கள் அசையாததைப் பார்த்துத் தானும் அசையாமல் இருந்தார். தெருவில் ஏதோ வண்டி பின்னோக்கி வந்து போனது.

கருவி படித்தது: "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நான் அழணும்."

முதலாளிதான் முதலில் எழுந்தார். தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். அத்தை அவன் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோய், நினைவு வந்து, நெற்றியை மட்டும் தொட்டுவிட்டு நடந்தாள்.

"நானும் போகவா?" என்று கேட்டேன்.

கண்ணை மேலே தூக்கினான்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வெளிச் சுவரை ஒட்டி எல்லாரும் நாற்காலிகளோடு நின்றார்கள். தம்பி அழுதால் உடம்பு முழுக்க அழும். சத்தம் பெரிதாகத்தான் வரும். அது கேட்கத் தொடங்கியதும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

அப்பா குறுக்கே கையை நீட்டினார். "வேணாம்கா. வேணும்னா அவன் கூப்பிடுவான்."

எதிர் வீட்டுச் சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம். உள்ளே அழுகை அடங்கி, வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கூப்பிட்டான்.